எங்கள் கூரைக்கு மேல் பறப்பது யாருடையது?

கொழும்பில் பொலிஸ் ட்ரோன்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடகொழும்பில் வீட்டோடு வீடு ஒட்டிய குடியிருப்பான எங்கள் தோட்டத்தில் விழுந்த ட்ரோனைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. உடைந்த துண்டுகளையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். ஐந்து கிழமையாகிவிட்டது. அது யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அது விழுந்தது ஒரு வயதான அம்மாவின் வீட்டில். அங்கே ஒரு அறைதான். கூரை அஸ்பெஸ்டஸ் சீற். அன்று மாலை ஆறரை மணி இருக்கும். சீற் பிளந்து, தூசியோடு கறுப்பாக ஒன்று உள்ளே விழுந்தது. பேரப்பிள்ளையின் ஏணை கட்டியிருந்த மூலையில்தான் விழுந்தது. பிள்ளையைக் கால் கழுவப் பைப்படிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஏணைச் சேலையில் ஒரு விசிறி இறக்கை குத்திக்கொண்டு நின்றது. பற்றரி உப்பி, தொட முடியாத சூட்டில் இருந்தது. போன் திருத்துகிற தம்பி ஒருவர் அதை இடுக்கியால் தூக்கி மண் வாளிக்குள் போட்டார். அவர் அங்கே இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்தத் துண்டுகளை நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு இலக்கம் இல்லை, பெயர் இல்லை, ஸ்டிக்கர்கூட இல்லை. பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி ஒருவர் அது பொலிஸாருடையது மாதிரித்தான் இருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்தவர் இல்லை, வேறு யாருடையதோ என்றார். பொறுப்பில் உள்ளவர்களுக்கே பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், கீழே நிற்கிற நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

விழுந்தது ஒரு நாள். பறப்பது பல நாள். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

எங்கள் தோட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு பைப்படிதான். சுற்றிவர இடுப்பளவு சுவர் இருக்கிறது, மேலே கூரை இல்லை. பெண்கள் குறுக்குக்கட்டோடு குளிப்பது அங்கேதான். சுவருக்கு மேலே யாரும் எட்டிப் பார்த்தால் சத்தம் போடலாம், முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லலாம். வானத்தில் நின்று பார்ப்பதை என்ன செய்வது? 2021இல் பயணக் கட்டுப்பாடு இருந்தபோது, வெளியே நடமாடுகிறவர்களைப் பிடிக்க விமானப்படையின் ட்ரோன்களோடு பொலிஸார் கொழும்பில் கண்காணித்தார்கள். அது நோய்க்காலம் என்று பொறுத்துக்கொண்டோம். நோய்க்காலம் போய்விட்டது, தேனீக்கூடு கலைந்த மாதிரியான அந்தச் சத்தம் போகவில்லை. பின்னேரங்களில் ஏதோ ஒன்று வந்து பைப்படிக்கு மேலே நிற்கும். பொலிஸாரா, வேறு யாருமா, பக்கத்து மாடியில் விளையாடுகிற பொடியனா என்று தெரியாது. என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு, இருட்டில், என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் குளிக்கிறாள். ஐந்தரைக்குப் பிறகு பைப்படிப் பக்கம் போகமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வேர்த்து வருகிற பிள்ளை முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே ஓடுகிறது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பொலிஸ் வேலைக்குப் பறக்கிற ஒவ்வொரு ட்ரோனுக்கும் தரையிலிருந்து பார்த்தால் தெரிகிற நிறமும் விளக்கும் கொடுங்கள், உடம்பில் இலக்கம் எழுதுங்கள். இந்த நேரத்தில் இந்த இடத்தில் பறந்தது உங்களுடையதா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள். இரகசிய விசாரணைகளை வெளியில் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தெருவையும் வீடுகளையும் பொதுவாகக் கண்காணிக்கிற பறப்புகளைத்தான் கேட்கிறோம்.

கல்யாண வீட்டில் படம் பிடிக்கிற பையன்கூடத் தன் ட்ரோனை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்த அதே கிழமையில் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதையே நிறுத்தினார்கள். யாருடையது என்று தெரியாத ஒன்று வானத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பொலிஸ் சேவையில் பறப்பவை 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின்படி அரச வானூர்திகள், சாதாரண விமானங்களுக்கான சட்டம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் எனக்கு விளக்கினார். சரி, பொருந்தாமல் இருக்கட்டும். அப்படியென்றால் அவற்றுக்கு இன்னும் இறுக்கமான ஒழுங்கு வேண்டும்.

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. நான்கு மோட்டாரில் பறக்கிற சாதாரண ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றாலே அது நிலை தவறிச் சுழன்று விழும். 40 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். ஒரு கிலோ எடை அந்த வேகத்தில் வந்தால் அஸ்பெஸ்டஸ் சீற் தாங்குமா? கடற்காற்று அடித்துக்கொண்டே இருக்கிற, வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் அதைப் பறக்கவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2013 நவம்பர் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று ஒரு மதுச்சாலையின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகொப்டருக்குள் இருந்த மூவரும் கீழே மதுச்சாலையில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். பிரதான தாங்கியில் எரிபொருள் இருந்தும், அதை எஞ்சின்களுக்கான தாங்கிகளுக்கு அனுப்புகிற பம்புகள் நிறுத்தப்பட்டிருந்ததால் எஞ்சின்கள் நின்றுபோயின என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த ஹெலிகொப்டரில் பறப்புப் பதிவுக் கருவி இருக்கவில்லை, பொலிஸ் ஹெலிகொப்டர்களில் பதிவு வசதி வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. அங்கே விழுந்ததும் ஒரு கூரை மேல்தான். ஆனால் அது யாருடையது என்று ஒருவரும் அலைய வேண்டியிருக்கவில்லை, ஏன் விழுந்தது என்பதையும் எழுதி எல்லோருக்கும் வெளியிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் உயிர் போகவில்லை. உயிர் போனால்தான் விசாரிப்பார்களா?

பறக்கிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது நிவாரண வேலைக்குப் போன விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானி இறந்த செய்தி வந்த அன்று, எங்கள் தோட்டத்தில் பலர் அழுதார்கள். களனி கங்கை பெருகுகிறபோது கூரையில் ஏறி நிற்கிறவர்களைத் தேட ட்ரோன் எவ்வளவு உதவும் என்றும் எங்களுக்குத் தெரியும். அதற்குத் தாராளமாகப் பறக்கவிடுங்கள், நாங்களே கையைக் காட்டுவோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று எங்கள் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். கூரை உடைந்த அந்த அம்மா, தன்னால் வாசிக்க முடியாத ஒரு பக்கத்துக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். தலைநகரத்தில் ஒரு வயதான பெண்ணுக்குத் தன் வீட்டுக் கூரை உடைந்ததைத் தன் மொழியில் சொல்லிப் பதிய முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார். நானும் வாசிக்கவில்லையே, என்னத்தைச் சொல்ல? பல வருடமாக எங்களுக்குள்ளேயே பேசிப் பேசி விட்டுவிட்ட விஷயம் இது. அந்த ஏணையைப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதே ஒன்றுதான். உங்களுடைய ட்ரோன் எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், கேட்டவுடன் பதில் வர வேண்டும். பைப்படிகளுக்கு மேலே அதை நிறுத்தி வைக்காதீர்கள். விழுந்தது உங்களுடையது என்றால் ஏன் விழுந்தது என்று எழுதித் தாருங்கள், உடைந்த சீற்றை மாற்றிக் கொடுங்கள். உங்களுடையது இல்லையென்றால் யாருடையது என்று தேடிச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுக் கூரையில் இப்போது நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறது. பின்னேர மழைக்கு அது தாங்குவதில்லை, ஏணையை வாசல் பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் பதிலைத் தமிழில் அனுப்புங்கள். பைப்படியில் எல்லோரும் கூடுகிற நேரத்தில் நானே அதை வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வடகொழும்புத் தோட்டமொன்றில் வசிக்கும் மொன்டிசோரி ஆசிரியை ஒருவர்