கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சாரு

ஆசிரியருக்கு வணக்கம். நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இருக்கேன், பீண்யாவுல லேத் ஓட்டுறேன். போன மாசம் நைட் ஷிஃப்ட்ல கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் நெஞ்சை அடைக்குது தாடை வரைக்கும் இழுக்குதுன்னாரு, சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சு, ஆனா கேஸ்தான்னு சோடாவ குடிச்சுட்டு மறுபடி மெஷின்கிட்ட போயிட்டாரு, ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் ஆட்டோல ஏத்துனோம். ஹார்ட் அட்டாக்காம். பொழச்சுட்டாரு, ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் வெச்சிருக்காங்க.

2021-ல கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயசுல ஹார்ட் அட்டாக்ல போனப்போ இங்க ஜெயதேவா இதய ஆஸ்பத்திரியில செக்கப்புக்கு அவ்ளோ கூட்டம். அப்புறம் மறந்தாச்சு.

நைட்ல எங்களுக்கு டீ, பீடி, மிக்சர்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் கூட தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க கேன்டீன் ஊறுகாய அவங்க பாத்ததில்ல. பிபி 140/90-ஐ தாண்டுனாலும் பெரும்பாலும் உடம்புல ஒண்ணும் தெரியாது, சும்மா பாத்தேன், எனக்கு 158/100, வயசு 38 தான் ஆகுது (பீடிய அன்னிக்கே விட்டேன், வீட்டுல இன்னும் நம்பல).

மெஷினுக்கு மாசாமாசம் சர்வீஸ் பண்றாங்க. டைம் ஆபீஸ் பக்கத்துல ஒரு பிபி மெஷின் வெக்கச் சொல்லி கேட்டோம், பாக்கலாம்னாங்க, இன்னும் வரல.

இப்படிக்கு,
ஒரு லேத் தொழிலாளி, பெங்களூரு