கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தின் பேக்பைப் கற்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் ஊதிக் காட்டியதை அம்மாவும் கேட்டாள். அவளுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். ஆனால் ஒரு விஷயம் காதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒரே சுரம் இரண்டு முறை வரும் இடத்தில் நீ மூச்சை நிறுத்திப் பிரிக்கிறாய். பயிற்சி சான்டரில், அதாவது பை இல்லாத பயிற்சிக் குழலில், அது நடக்கும். பை வந்தால் நடக்காது. நாகசுரத்தில் சீவாளி உதட்டில் இருப்பதால் நாக்கால் துத்துகாரம் போடலாம். பைப்பின் சீவாளியோ விரல் வைத்து வாசிக்கும் குழலான சான்டரின் தலையில், பையோடு சேரும் இடத்துக்குள் இருக்கிறது. நீ மூச்சு வாங்கும்போதும் அக்குளில் இடுக்கிய பை காற்றைத் தள்ளும், ஒலி நிற்கவே நிற்காது. அதனால் பிரிக்கிற வேலை முழுக்க விரலுக்குத்தான். லோ ஏ என்ற கீழ்ச் சுரம் இரண்டு முறை வேண்டுமா? நடுவில் இடது ஆள்காட்டி விரல் சட்டென்று எழுந்து விழ வேண்டும், அவ்வளவுதான். அதுதான் ஜி கிரேஸ் நோட்.

டோர்லுவா என்ற விரல் அலங்காரத்தை அவசரப்பட்டு ஊதாதே. லோ ஜி, டி தட்டு (டி கிரேஸ் நோட்), மறுபடி லோ ஜி, ஈ தட்டு, அப்புறம் லோ ஏ. நடுவில் வரும் அந்த லோ ஜி தனியாகக் கேட்கும்வரை மெதுவாகவே ஊது. ஸ்காட்லாந்தின் பழைய ஆசான்கள் இதையெல்லாம் வாயால் பாடியே சொல்லிக்கொடுத்தார்கள், நம் மிருதங்கத்துக்குச் சொற்கட்டு மாதிரி. நீயும் பாடிவிட்டு ஊது.

பை வாங்கிய பிறகு ஒரே சுரத்தைத் தொடர்ந்து ஒலிக்கும் மூன்று டிரோன் குழல்களையும் நம் ஒத்து மாதிரி நினைத்துக்கொள். டெனர் இரண்டும் லோ ஏ-க்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் இரண்டு ஸ்தாயி கீழே. சேராதபோது ஒலி அலை அலையாக அடிக்கும். டிரோனின் மேல்துண்டை மெல்ல நகர்த்தினால் அலை நிதானமாகி, ஒரு இடத்தில் அடங்கிவிடும். போன் ட்யூனரை நம்பிக் குழம்பாதே. பைப்பின் ஏ, பியானோவின் பி ஃபிளாட்டையும் தாண்டி நிற்கும்.

மூட்டுகளில் சுற்றும் மெழுகு நூலை ஊதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திருகிப் பார். படையில் இருந்தபோது ஒரு கோடையில் நான் பார்க்காமல் விட்டேன். நூல் காய்ந்து தளர்ந்து, அணிவகுப்பின் நடுவில் பேஸ் டிரோனின் மேல்துண்டு இறங்கிவிட்டது. சுருதி ஏறிப்போச்சு. கையை எடுக்க முடியாமல் மைதானம் முழுக்க அந்த அலையடிப்போடு நடந்தேன். இன்றும் அது மறக்கவில்லை.

சரி, ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் உலக பைப் பேண்ட் போட்டி நடக்குமே, அதற்குப் போ. போட்டி வட்டத்துக்குப் போவதற்கு முன், பேண்டுகள் சுருதி சேர்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில். பேண்டின் தலைவரான பைப் மேஜர் ஒவ்வொருவரிடமாகப் போய் டிரோனைத் தொட்டுத் தொட்டு நகர்த்துவார். அதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா