தூக்கிய கைகளை எண்ணுவது ஊழியமா?

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் சிறுவர் முகாம்களும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும் களைகட்டிவிடும். முடிவுநாளில் "இயேசுவை ஏற்றுக்கொள்ளுகிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்பதும், தூக்கிய கைகளை எண்ணி அறிக்கை அனுப்புவதும் சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. சிறுவர் ஊழியம் எந்த நம்பிக்கைகளின்மேல் நிற்கிறதோ, அவற்றுக்கே இது ஒவ்வாதது.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளைத் தடுத்த சீடர்கள்மேல் இயேசு கோபப்படுகிறார். பிள்ளைகளை அணைத்து, கைவைத்து ஆசீர்வதிக்கிறார். அவர்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வசனம் ஒப்புவிக்கச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு திருச்சபைகள் போன வழிகள் வேறு வேறுதான். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார் குழந்தைக்கே திருமுழுக்குக் கொடுத்து, வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தானே அறிக்கையிடச் செய்து திடப்படுத்துகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தையை ஒப்புக்கொடுத்து ஜெபித்துவிட்டு, அது தானாக விசுவாசத்தை அறிக்கையிடும்வரை காத்திருக்கின்றன. கத்தோலிக்கப் பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு ஏழு வயதளவு போதும் என்று பாப்பரசர் பத்தாம் பயஸ் 1910இல் வகுத்தபோதும், அந்த வயதுக்கேற்ற விளக்கம் பிள்ளைக்கு இருக்கவேண்டும் என்றே சொன்னார். எந்த வழியிலும் பிள்ளைக்கு நேரம் விடப்படுகிறது. அந்த நேரத்தைத்தான் கைதூக்கல் பறித்துவிடுகிறது.

ஐந்து வயதுப் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை தூக்கினால் தானும் தூக்கும். ரீச்சர் சந்தோஷப்படுகிறார் என்று தெரிந்தால் இரண்டு கையும் தூக்கும். "இயேசுவை உன் இருதயத்துக்குள் கூப்பிடு" என்றால், அவ்வளவு பெரிய ஆள் நெஞ்சுக்குள் எப்படி நிற்பார் என்றுதான் யோசிக்கும். நரகத்தைச் சொல்லி வெருட்டிப் பெறுகிற தீர்மானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிறுவருக்கு நற்செய்தி சொல்லக் காட்டுகிற, வண்ணப் பக்கங்களை மட்டும் கொண்ட 'வார்த்தையில்லாப் புத்தகம்' இன்னொரு பிழை. 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறங்களைக் காட்டிப் பிரசங்கித்ததிலிருந்து வந்தது. பொன்னிறமும் பச்சையும் பிறகு சேர்ந்தன. கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம். வகுப்பில் 'கறுவல்' என்று பட்டம் வாங்கிய பையன் ஒருவன் இருப்பான். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது மற்றப் பிள்ளைகள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? கறுப்புத் தாளை எடுத்துவிட்டுக் கசங்கிய தாளைக் காட்டினால் கருத்துக்கு ஒரு குறையும் வராது.

'பரமபிதா உன்ரை அப்பாவைப் போல' என்பதும் அப்படித்தான். அப்பா காணாமல் ஆக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையும், குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவின் பிள்ளையும் அதே பாயில்தான் இருக்கிறார்கள். சிறியவர்களுக்கு, ஆட்டைத் தேடிப்போகும் நல்ல மேய்ப்பனாகக் கடவுளைக் காட்டித் தொடங்குவது நல்லது.

பிள்ளைகளை எண்ணி, உதவி தருபவர்களுக்குக் கணக்குக் காட்டும் ஆசைக்கு இங்கே பழைய வேரும் உண்டு. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையையும் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அந்தத் துணிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த விடுதிகளிலேயே, செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்க நன்கொடையாளர் சொன்ன பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. இன்று பெயரை மாற்றுவதில்லை. உணவுப் பொதியோடு நிற்கவைத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

பிள்ளையைக் கேள்வியின்றி ஏற்பதும் அதற்கு நேரம் விடுவதும்தான் நம் நம்பிக்கைகள் என்றால், அவை வகுப்பின் ஒழுங்கில் தெரியவேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்குக் கதை ஏழு நிமிடத்தைத் தாண்டினால் பாய் கலைந்துவிடும். ஒரு கதை, ஒரு பாட்டு, கையால் செய்ய ஒரு வேலை போதும். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம். சிறியவர்கள் எட்டுப் பேருக்குப் பெரியவர் ஒருவராவது வேண்டும். பெரியவர் இருவர் இல்லாமல் வகுப்பு நடத்தக்கூடாது; உதவிக்கு வரும் சாதாரண தர (ஓ.எல்.) மாணவியைப் பெரியவராகக் கணக்கெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. கதவு திறந்திருக்கட்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் பிள்ளைகள் வாசிக்கும் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும். வசனம் சொன்னால் பரிசு என்றால், கிருபை இலவசம் என்று படிப்பித்த கையோடு அதற்கு விலை வைத்ததாகிவிடும்.

சைவப் பிள்ளைகளும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் முகாமுக்கு வருகிறார்கள். பிள்ளைக்குப் போதிக்கும் பொறுப்பை உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடமே கொடுக்கிறது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையிடம் தீர்மானம் வாங்குவது அந்த வேதத்துக்கே முரண். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரையும் பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது.

ஆகவே முகாமுக்கு ஒரு வாரம் முன்னரே வீட்டுக்கு ஒரு கடிதம் போகட்டும். இது கிறிஸ்தவ வகுப்பு, இன்னின்ன வேதாகமக் கதைகள் சொல்லப்படும், ஜெபம் உண்டு, படம் எடுப்பதானால் தனியாகச் சம்மதம் கேட்போம், பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் யார் என்று எழுதித் தாருங்கள் என்று தெளிவான தமிழில் இருக்கவேண்டும். கடிதம் கையொப்பத்தோடு திரும்பி வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவர் நேரில் போய்க் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.