தண்ணீர் இறங்கிய பொய்லர் எரியக்கூடாது

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவின் பழைய வீடுகள் பலவற்றில் வார்ப்பிரும்பு ரேடியேற்றர்களும் அவற்றுக்குச் சுடுநீர் அனுப்பும் பொய்லரும் இன்னும் இயங்குகின்றன. அப்படியான வீட்டில் இருப்பவர்கள் குளிர்காலம் தொடங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் குறைந்தால் பேர்னரைத் தானாக நிறுத்தும் கருவி உங்கள் பொய்லரில் இருக்கிறதா? பழையவை பலவற்றில் இல்லை. சுவரில் தொங்கும் புதியவை பலவற்றில் உள்ளேயே ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

சூடு மிஞ்சினால் நிறுத்தத்தான் அக்குவாஸ்டாற் இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது தண்ணீரின் சூட்டை அளப்பது. தண்ணீர் இறங்கி அதன் உணரி காற்றில் நின்றால், இரும்பு எவ்வளவு கொதித்தாலும் அதற்குச் சரியாகத் தெரியாது. பேர்னர் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய்க் குளிர்நீரைத் திறந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும், தண்ணீர் சுமார் 1,600 மடங்கு விரிந்து நீராவியாகும். காஸையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் விடவே கூடாது.

மூடிய சுற்றில் தண்ணீர் எப்படிக் குறையும்? சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தாங்கியின் ரப்பர் பை கிழிந்தால், 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு சூடேற்றத்துக்கும் சொட்டும். நீர் நிரப்பும் வால்வை யாரோ அடைத்திருந்தால் அந்த இழப்பு ஈடாகாது. 2013 டிசம்பர் உறைமழையில் நகரின் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படியான வேளையில் குழாய் உறைந்து வெடித்துத் தண்ணீர் போய்விட்டால், மின்சாரம் திரும்பியதும் தண்ணீரில்லாத பொய்லரில் பேர்னர் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் அந்தக் கருவி இல்லாவிட்டால் பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் காஸ் பொய்லரில் கைவைக்க உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளர் வேண்டும். அவர் செய்வது சரியா என்று நீங்கள் பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, பொய்லரை ஆறவிட்டு, நிரப்பும் வால்வை அடைத்து, தண்ணீரை வடித்த பிறகே வேலை தொடங்கும். பொய்லரிலிருந்து மேலே போகும் சுடுநீர்க் குழாயில் T வடிவ ‘ரீ’ இணைப்பு ஒன்றை வைத்து, அதன் முக்கால் அங்குல வாயில் கருவியின் உணரிக் கம்பியைத் திருகுவார்கள். உற்பத்தியாளர் குறித்த குறைந்தபட்ச நீர்மட்டத்துக்கு மேலே அது இருக்க வேண்டும். பொய்லருக்கும் உணரிக்கும் நடுவில் அடைக்கும் வால்வு எதுவும் வரக்கூடாது.

உணரி வேலை செய்வது, கம்பியிலிருந்து தண்ணீர் வழியாகக் குழாயின் உலோகத்துக்கு ஓடும் சிறு மின்னோட்டத்தால். கம்பியின் நுனி குழாயின் உட்சுவரைத் தொட்டால், தண்ணீரே இல்லாவிட்டாலும் ‘இருக்கிறது’ என்று காட்டும். இதுதான் ஆபத்தான பிழை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாறாக, திருகுமரையில் ரெஃப்லோன் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் மின்னோட்டப் பாதை அறுந்து, தண்ணீர் இருக்கும்போதே பேர்னர் நின்றுவிடும். சிறிதளவு குழாய்ப் பசை போதும். காற்றுத் தங்கும் உச்சிவளைவில் உணரியை வைத்தாலும் இதே தொல்லைதான்.

வயரிங்கில், கருவியின் மின்தொடுகை, ஆபத்தில் பேர்னரை நிறுத்தும் லிமிற் சுற்றில் தொடராக வரவேண்டும். கருவி 24 வோல்ற்றா 120 வோல்ற்றா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒருமுறை நிறுத்தினால் யாராவது பொத்தானை அழுத்தும்வரை பேர்னரை எரியவிடாத, கையால் ரீசெற் செய்யும் வகையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். சுடுநீர்ச் சுற்றில் தண்ணீர் குறைவது ஒருபோதும் இயல்பானதல்ல. தானாக மீளும் வகை அந்தக் கசிவை வாரக்கணக்கில் மறைத்துவிடும். குளிர்காலத்தில் வெளியூர் போகிறவர்கள் மட்டும் வீட்டுச் சூடு குறைந்தால் அறிவிக்கும் அலாரம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள்.

வேலை முடிந்து சுற்றை நிரப்பி, இரண்டு மாடி வீடானால் ஆறிய நிலையில் 12 பிஎஸ்ஐ வைத்து, காற்றை வெளியேற்றிய பின் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ‘ரெஸ்ற்’ பொத்தானை அழுத்துவது மின்சுற்றை மட்டும் சோதிக்கும், கம்பியை அல்ல. ஆறிய பொய்லரில் நிரப்பும் வால்வை அடைத்து, தண்ணீரை உணரிக்குக் கீழே இறக்கி, தெர்மோஸ்டாற்றைக் கூட்டச் சொல்லுங்கள். பேர்னர் பற்றவே கூடாது. பற்றினால் உடனே நிறுத்திவிட்டு, கம்பி எங்கே தொடுகிறது, வயர் எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சேர்விஸின்போது இதைத் திரும்பச் செய்து, கம்பியைக் கழற்றிப் படிந்த சுண்ணத்தையும் சேற்றையும் துடைக்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
வெப்பமூட்டல் தொழில்நுட்பவியலாளர்கள் இருவர்,
ஸ்காபரோ