ரோபோ சண்டைப் போட்டிகளில் வயரிங்கையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரி விழாக்களில் ரோபோ சண்டைப் போட்டிகள் நடப்பது வரவேற்கத்தக்கது. களத்துக்குள் விடுமுன் எடையைப் பார்க்கும் அதே அக்கறையோடு, நடத்துவோர் மூடியைத் திறந்து வயரிங்கையும் பார்க்க வேண்டும்.

ஒன்றரைக் கிலோ ரோபோவில் சாமான்கள் அதிகம் கிடையாது. மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், இரண்டு சக்கர மோட்டார்களுக்கும் ஆயுதத்தின் பிரஷ்லெஸ் மோட்டாருக்கும் தனித்தனி ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று), அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட். கொள்ளளவு 850 எம்.ஏ.எச். (0.85 ஆம்பியர்-மணி), மின்னோட்ட விகிதம் 30சி (அந்த 0.85-ஐப் போல் 30 மடங்கு) என்றால் கணக்குப்படி 25 ஆம்பியர் வரை தள்ளும். கையில் கிடைத்த மெல்லிய ஒயரைப் போட்டால் உறை உருகும். 18 கேஜ் தடிமனில் சிலிக்கோன் உறையிட்ட ஒயர் தேவை. பேட்டரி ஒயர்களை வெட்டும்போது ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியே ஷார்ட் ஆக்கிவிடும்.

முதல்முறை பேட்டரியை நேரடியாக மாட்டவே கூடாது. ப்ளஸ் ஒயரின் நடுவே காரின் பிரேக் லைட் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட், சீரிஸாக இணைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஈ.எஸ்.சி.யின் கெபாசிட்டர் நிரம்பும் வரை பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். ஷார்ட் இருந்தாலோ ப்ளஸ், மைனஸ் மாறியிருந்தாலோ பளிச்சென்று எரிந்தபடியே இருக்கும். இரண்டு ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது என்பதால் ஈ.எஸ்.சி. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மலிவான இந்தப் பல்பு ஒவ்வொரு கல்லூரி ஆய்வகத்திலும் இருக்க வேண்டும்.

மெயின் சுவிட்ச் விஷயத்தில் பலர் டாகிள் சுவிட்சை நம்புகிறார்கள். அடி விழும்போது அது தானாக அணையும், அல்லது உள்ளே உடைந்து அணைக்கவே முடியாமல் போகும். எக்ஸ்டி30 என்ற இருமுனை கனெக்டரின் ஒரு பாதியில் இரு முனைகளையும் சேர்த்து சால்டர் செய்து, ப்ளஸ் லைனில் உள்ள மறுபாதியில் இழுத்தால் வரும்படி செருகி வைப்பதே மேல். ஆயுதம் சுழலும் பாதைக்குள் கையை விடாமல் எடுக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் ரோபோ தானே நிற்கும் ஏற்பாடு. ரிமோட்டை அணைத்ததும் சக்கரமும் ஆயுதமும் நின்றாக வேண்டும். சிக்னல் அறுந்ததும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும் ரிசீவர்கள் உண்டு; அவற்றில் ஆயுத சேனலைப் பூஜ்யத்துக்கு வரும்படி நாமேதான் அமைக்க வேண்டும். ஆயுதத்தின் பிளேடைக் கழற்றி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, நடுவர் கண்முன் இதைச் செய்துகாட்டாத ரோபோவை உள்ளே விடக் கூடாது.

சண்டை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பிய, துளைபட்ட, அல்லது ஏதாவது ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரி மறுபடி சார்ஜருக்குப் போகக் கூடாது. மற்றவற்றை, ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில், 850 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 0.85 ஆம்பியர் வீதம், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். லைப்போ தீப்பிடித்தால் வரும் புகை நச்சு என்பதால் சார்ஜ் மேசையைக் காற்றோட்டமான இடத்தில், உலர்ந்த மணல் வாளியுடன், பார்வையாளர்களிடமிருந்து தொலைவில் போடும்படி கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.