‘தவறவிட்டேன்’ என்று எழுதாதே, கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி நீ தோழியின் போனிலிருந்து பேசியபோது உன் குரலில் அழுகையைவிட அலுப்புத்தான் அதிகம் கேட்டது. “பைக்ல வந்து போனைப் பிடுங்கிட்டுப் போனான்னு ஸ்டேஷன்ல சொன்னேன்மா. ‘தவறவிட்டேன்னு எழுதிக் குடும்மா, இப்பவே ரசீது தர்றோம்’னாங்க. எழுதிக் குடுத்துட்டேன். அதுல என்னம்மா இருக்கு?” என்றாய். அதில் நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

பிடுங்கியது வேறு, தவறியது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. பிடுங்கும்போது உன்னைத் தள்ளிக் காயப்படுத்தியிருந்தால் அது 309, வழிப்பறி. இரண்டுமே வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்கள். இப்படிப்பட்ட குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. ‘தவறவிட்டேன்’ என்று எழுதிவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. குற்றமில்லை என்றால் குற்றவாளியும் இல்லை, தேட வேண்டியவனும் இல்லை.

ஏன் அப்படி எழுதச் சொல்கிறார்கள்? ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும், வழக்கு நாட்குறிப்பு எழுதவேண்டும், கடைசியில் குற்றப்பத்திரிகையோ இறுதி அறிக்கையோ தாக்கல் செய்யவேண்டும். கண்டுபிடிக்காத வழக்குகளுக்கு மேலதிகாரியிடம் பதில் சொல்லவேண்டும். பந்தோபஸ்து, சம்மன், கோர்ட் டூட்டி என்று ஆளே இல்லாமல் ஓடும் ஸ்டேஷனில் ஒரு செல்போனுக்காக இதையெல்லாம் செய்ய மனம் வருவதில்லை. அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பறிப்பு நடக்கிறது என்பது பதிவேட்டில் இருந்தால்தானே அங்கே ரோந்து வரும்? நீ தவறவிட்டதாக எழுதிய தெருவில் நாளைக்கு இன்னொரு பெண்ணின் சங்கிலி போகும். கேட்டால், அது அமைதியான ஏரியா என்பார்கள்.

அதனால் இன்றே இரண்டாவதாக ஒரு மனு எழுது. “நேற்று கொடுத்த மனுவில் போன் தவறியதாக எழுதியிருந்தேன். உண்மையில் நடந்தது பின்வருமாறு” என்று தொடங்கு; பழைய ரசீது எண்ணைக் குறிப்பிடு. நாள் போகப் போக, ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகும்.

மனுவில் இருக்கவேண்டியவை: தேதி, மணி, இடம். ‘மெயின் ரோடு’ என்று எழுதினால் போதாது. எந்தக் கடைக்கு எதிரே, எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தாய் என்று வேண்டும். பைக் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது. எத்தனை பேர், ஹெல்மெட் இருந்ததா, பின்னால் இருந்தவன் எந்தக் கையால் பிடுங்கினான். நம்பர் பிளேட்டில் இரண்டு இலக்கம்தான் பார்த்தாய் என்றால் அந்த இரண்டை மட்டும் எழுது. மீதியை ஊகித்து நிரப்பாதே. போனின் மாடல், நிறம், வாங்கிய விலை, சிம் எண், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. முழங்கையில் சிராய்ப்பு என்றாயே, அதையும் எழுது. அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்ட காயம் என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இரண்டு நாளில் ஆறிவிடும் சிராய்ப்புக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

இரண்டு பிரதி கொண்டுபோ. ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள். அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது உன் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆம் பிரிவுப்படி அதன் நகலை உனக்கு இலவசமாகத் தரவேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றவேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

விசாரித்துவிட்டுப் பதிகிறோம் என்று சொல்லலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு முதல்கட்ட விசாரணை நடத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் 14 நாளுக்குள் முடிக்கவேண்டும். அந்த அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேள். மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, மேலே அனுப்பு. மாவட்டமென்றால் எஸ்.பி.; சென்னை என்பதால் துணை ஆணையர். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்; அது பி.என்.எஸ்.எஸ்.ஸின் 175(3)ஆம் பிரிவு. பெரும்பாலும் அந்தத் தபால் ரசீதைக் காட்டும்போதே ஸ்டேஷனில் பேச்சு மாறிவிடும்.

கேமரா விஷயத்தில் தாமதிக்காதே. கடைகளில் கேமரா காட்சியைப் பதிந்துவைக்கும் பெட்டியான டி.வி.ஆரில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிது ஏறும். சில இடத்தில் ஒரு மாதம் தாங்கும், சில இடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. இன்றே அந்தத் தெருவில் நடந்து, எந்தெந்தக் கடையில் கேமரா சாலையைப் பார்த்து இருக்கிறது என்று குறித்து மனுவில் சேர். கடைக்காரரிடம் அழிக்காமல் வைக்கச் சொல். இன்னொன்று: டி.வி.ஆரின் கடிகாரம் பல இடத்தில் ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஓடும். திரையில் தெரியும் நேரத்தையும் பக்கத்தில் போனில் உள்ள நேரத்தையும் ஒரே படமாக எடுத்துவை. இல்லையென்றால், 8.40க்கு நடந்தது 8.31 என்று பதிவாகியிருப்பதைக் கோர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். பதிவை எடுப்பதும், அதைக் கோர்ட் ஏற்கத் தேவையான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வாங்குவதும் போலீஸின் வேலை.

இனி நான் மிகவும் கவலைப்படுவது. “யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்பார்கள். முகத்தைப் பார்க்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல். உன் தெருமுனையில் நிற்கிற பையன்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர் என்று யார் பெயரும் உன் வாயிலிருந்து வரக்கூடாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்துபோனார். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தொடங்கியது அது. போன நகைக்காக ஓர் உயிர். புகார் கொடுப்பது உன் உரிமை. அதில் நீ பார்க்காத ஒருவரின் பெயர் ஏறினால் அவருக்கு என்ன நடக்கும் என்பது உன் கையில் இருக்காது. அதேபோல, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி “இவன்தானே?” என்று கேட்டால் ஆமாம் போடாதே. பலரை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில் சொல்கிறேன் என்று சொல். முன்னாலேயே படத்தைக் காட்டிவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லாமல் போகும். உண்மையான திருடன் வெளியே வந்துவிடுவான், அல்லது தவறானவன் உள்ளே போவான்.

சாட்சியாக வாக்குமூலம் வேண்டுமென்று இரவில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகவேண்டியதில்லை. பெண்களை அவர்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே விசாரிக்கவேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179ஆம் பிரிவு.

பணத்தைப் பற்றி. பேசிக்கொண்டிருக்கும்போது பிடுங்கியதால் போன் லாக் ஆகாமலே அவன் கைக்குப் போயிருக்கிறது. சிம்மை நிறுத்திவிட்டாய், நல்லது. வங்கியை அழைத்து யு.பி.ஐ.யையும் கார்டையும் நிறுத்தச் சொல். ஒரு ரூபாய் போயிருந்தாலும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழை. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, பதறாதே. போனின் செட்டிங்ஸுக்குள் போய்ப் புது சிம்முக்கு சிம் பின் போட்டுவை. இல்லாவிட்டால் எவனும் அதைக் கழற்றி வேறு போனில் போட்டு உன் ஓ.டி.பி.யை வாங்கிவிடலாம். “உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாஸ்வேர்டு போடுங்கள்” என்று செய்தி வந்தால் அது திருடனிடமிருந்து வருவது. வரைபடத்தில் போன் இருக்கும் இடம் தெரிந்தாலும் நீ தனியாகப் போகாதே. அந்த இடத்தை விசாரணை அதிகாரிக்கு அனுப்பு.

போனின் பெட்டி இங்கே பீரோவின் மேல்தட்டில் பில்லோடு பத்திரமாக இருக்கிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் பதினைந்து இலக்கத்தில் இரண்டு எண்கள் உள்ளன. இரண்டு சிம் போடும் போன் என்பதால் இரண்டு ஐ.எம்.இ.ஐ. படம் எடுத்து உன் தோழிக்கு அனுப்பியிருக்கிறேன். மனுவில் இரண்டையும் எழுது. எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் தொலைந்த போன்களை முடக்கும் அரசு இணையதளமான சஞ்சார் சாத்தியில் ஏற்றி இரண்டையும் முடக்கு. ஒன்றை மட்டும் முடக்கினால் மற்ற சிம் இடத்தில் போன் ஓடிக்கொண்டிருக்கும். பில்லை மட்டும் கூரியரில் அனுப்புகிறேன், போன் கிடைத்தால் கோர்ட்டில் கேட்பார்கள். முழங்கையை இன்றைக்கே காட்டிவிடு.

அம்மா