வெள்ளை பெல்ட்

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாகப் பதில் போடாதது தப்புதான். நீ திட்டி எழுதிய இரண்டு கடிதமும் மேசை மேலேயே கிடக்கின்றன. இங்கே லண்டனில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதைக் கட்டையனிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உன் வாய்க்குத்தான் அவன் மசிவான்.

இப்போது எழுத உட்கார்ந்தது சின்னவளுக்காக. அவள் போகிற ஜூடோ கிளப் போன மாதம் இரண்டாக உடைந்துவிட்டது. எந்தச் சங்கத்தோடு சேர்வது என்று பெரியவர்களுக்குள் சண்டை. இவள் சேர்ந்த பக்கத்தில் பழைய பச்சை பெல்ட் செல்லாதாம், புதுசாகச் சேர்கிறவர்கள் கட்டுகிற வெள்ளை பெல்ட்டிலிருந்து வா என்கிறார்கள். மூன்று வருட உழைப்புடா. ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அந்தக் கோபத்தில்தான் இந்த ஊருக்கு ஜூடோ வந்த கதையைத் தேடிப் படித்தேன். யுகியோ தானி என்று ஒருவர். பார்ட்டன்-ரைட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர், 1900 வாக்கில், இருபது வயதுகூட நிரம்பாத அவரை ஜப்பானிலிருந்து கூட்டி வந்தார். ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. நாடகக் கொட்டகைகளில் ஏறி, என்னோடு மோதித் தாக்குப்பிடித்தால் காசு என்று சவால் விட்டார். ஒரே நிபந்தனை, எதிராளி கெட்டியான மேல்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். காலரும் கைப்பகுதியும் பிடிக்குச் சிக்கியதும் பெரிய பெரிய மல்லர்களெல்லாம் சாய்ந்தார்கள்.

அப்புறம் குஞ்ஜி கொய்சுமி. அரக்குப் பூச்சுக் கலைப்பொருட்களில் தேர்ந்தவர், அதுதான் தொழில். தன் பணத்தைப் போட்டு 1918 ஜனவரியில் விக்டோரியா பக்கம் புடோக்வை என்ற சங்கத்தைத் தொடங்கி, தானியைத் தலைமை ஆசானாக வைத்தார். அப்போது அங்கே சொல்லிக்கொடுத்தது ஜூஜுட்சு, ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானிய மல்யுத்தக் கலை.

1920இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவே லண்டன் வந்தார். ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் நடந்த வருடம் அது. காசுக்காக மேடையில் மோதுவது அவருக்குப் பிடிக்காது. தானியோ அதிலேயே பெயர் வாங்கியவர். ஆனாலும் கானோவோடு பேசி முடித்தபோது தானியும் கொய்சுமியும் ஜூடோவுக்கு மாறிவிட்டார்கள். கானோ கொடுத்தது இரண்டாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டில் கீழிருந்து இரண்டாவது படி. இருபது வருடம் இந்த நாட்டையே வியக்கவைத்தவருக்கு இரண்டாம் டான்! நாற்பதை நெருங்கும் வயதில் அதை வாங்கிக்கொண்டு மறுபடி பயிற்சி விரிப்பில் இறங்கியிருக்கிறார். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அதில் அரசியல் இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பிடி. ஐரோப்பிய ஜூடோ சம்மேளனம் 1948 ஜூலை 28இல் இதே லண்டனில் உருவானது, ஒலிம்பிக் தொடங்குவதற்கு முதல் நாள். 1951இல் சர்வதேச சம்மேளனமும் வந்தது. அடுத்த வருடமே அதன் தலைவர் கானோவின் மகன் ரிசெய். வெளியூரில் முளைத்தாலும் கடிவாளம் டோக்கியோவுக்குப் போய்விட்டது. ஆனால் கொய்சுமி தன் கிளப்பை ஜூடோவுக்கு மாற்றியது பதவிக்காக அல்ல என்றுதான் நினைக்கிறேன். அடியெடுத்து வைக்கிற பையனுக்கும் ஒரு பெரிய வழி வேண்டும் என்று பார்த்திருக்கிறார். எங்கள் கிளப்பில் சண்டை போட்டவர்களில் ஒருத்தராவது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார்களா?

தானிக்கு 1937இல் பக்கவாதம் வந்தது. அதற்கப்புறமும் பயிற்சி விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். நம் வாத்தியார் கடைசி வருடம் நாற்காலியில் உட்கார்ந்து, "இடுப்பு, இடுப்பு!" என்று கத்துவாரே, அதேதான்.

இதை நேற்று சின்னவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டாள். காலையில் பார்த்தால் அலமாரியைக் கவிழ்த்துப் பழைய வெள்ளை பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு. அவளை அனுப்புவதா, வேறு கிளப் பார்ப்பதா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போடு, அவளோடும் பேசு. நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
உன் மச்சான்